முப்பத்தொன்றாம் எண்

ஸ்ரீபெரும்புதூர்
4.8.2003

ஏட்டி கவி,

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ நலமாகத்தான் இருப்பாய். நான் இல்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கு எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஹாஸ்டல் போன் வார்டன் கிளியம்மாளின் மேசைமேல் இருக்கிறது. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே எல்லார் பேச்சையும் கேட்கும். ரோட்டோர எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம் என்றால் மூன்று வார்த்தைக்கு ஒரு இருமல் வருகிறது. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எனக்கு டி.பி. திரும்பவும் வந்துவிட்டது.

முதல் தடவை வந்ததையே உன்னிடம் சொல்லவில்லை. நீ எம்.எஸ்ஸி. சேரப் போன வருஷம் அது. ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் நர்ஸ் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நான்காம் மாதம் இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இருமலும் நின்றிருந்தது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்து பஸ் ஏறிவிட்டேன். கெமிஸ்ட்ரியில் உன்னைவிடப் பதினோரு மார்க் அதிகம் வாங்கினவள் செய்த காரியம் இது.

இங்கே காருக்குள் ஓடுகிற வயர்களை அளந்து, சேர்த்துக் கட்டி, டேப் சுற்றுகிற வேலை. நீளப் பலகையில் ஆணி அடித்திருக்கும், அதன் வழியே வயரை இழுக்க வேண்டும். ஒரு பலகைக்கு எட்டுப் பேர். என் வலப்பக்கம் ஞானம்மா நிற்கிறாள். வாலாஜாபாத் பக்கத்து ஊர்க்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு முழம் இருக்காது. இருமல் வரும்போதெல்லாம் டேப் கீழே விழுந்த மாதிரி குனிந்துகொள்கிறேன். தினம் எத்தனை முறைதான் டேப் விழும்?

இந்த முறை எட்டு மாதம் என்கிறார்கள். முதல் இரண்டு மாதம் ஊசியும் உண்டு. ஹாஸ்டலுக்குத் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் அதோடு வேலையும் போகும்.

நீ பெங்களூரில் ஆராய்ச்சி செய்வது இந்தக் கிருமியைத்தானே? போன வருஷம் அப்படித்தான் எழுதியிருந்தாய். நான் அப்போது கவனித்துப் படிக்கவில்லை. இப்போது எனக்குப் புரிகிற மாதிரி எழுது. தேற்றுவதற்காக மட்டும் எதுவும் எழுதாதே.

உன்,
மாரிசெல்வி


பெங்களூர்
13.8.2003

என் மாரிக்கு,

உன் கடிதத்தை மெஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தேற்றாதே என்று எழுதிவிட்டாய். சரி, தேற்றவில்லை.

இந்த முறை ஒரு வேளைகூட விடாதே. பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிருமிக்கு மெழுகு போல ஒரு தோல் உண்டு. அந்தத் தோலைக் கட்ட அதற்குள் ஒரு என்சைம் வேலை செய்கிறது. நீ விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று அந்த என்சைமின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்ளும். தோல் கட்ட முடியாமல் கிருமி சாகும். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைத்த சிலவற்றில் அந்தப் பள்ளத்தின் விளிம்பு கொஞ்சம் மாறிப்போயிருக்கும். பிறகு மருந்து அங்கே உட்காராது. அப்படி மாறிப்போன என்சைமில் வேறு எது உட்காரும் என்று தேடுவதுதான் எங்கள் வேலை.

எத்தனாலுக்கு மூன்று கொத்துக் கோடு வரும் என்று மூன்றாம் வருஷத்தில் மனப்பாடம் செய்தோமே, மூலக்கூறைக் காந்தத்தில் வைத்துப் பார்க்கிற அதே என்.எம்.ஆர். தான் எங்கள் கருவி. புத்தகத்தில் வெறும் கோடுதான் பார்த்தோம். இங்கே அது ஆளைவிட உயரமான எஃகுத் தொட்டி, உள்ளே பெரிய காந்தம். வாட்ச், சாவி, ஹேர்பின் எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பென்சில் பருமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில் என்சைமையும் பத்துப் பதினைந்து சின்னச் சேர்மங்களையும் கலந்து காந்தத்துக்குள் இறக்குவோம். ரேடியோ அலையால் என்சைமை மட்டும் தட்டுவோம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரோரம் பதினைந்து பேர் போனால் சாய்ந்து நின்றவன் முதுகில் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு சேர்மத்துக்கும் திரையில் வருகிற மேடுகளில், என்சைமில் உட்கார்ந்து எழுந்ததன் மேடு மட்டும் குறைந்து தெரியும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் அதை வைத்தே சொல்லிவிடலாம். இந்தச் சோதனைக்குப் பெயர் எஸ்.டி.டி. உன் ரோட்டோர பூத் இல்லை, சிரிக்காதே.

சாய்ந்த பக்கம் தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மறுபக்கத்தை மாற்றி, இன்னும் இறுக்கமாக உட்காருகிற ஒன்றைச் செய்து பார்ப்பார்கள். சென்ற வாரம் முப்பத்தொன்றாம் எண் என்று ஒரு சேர்மம் மாறிப்போன என்சைமிலும் உட்கார்ந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. திரையைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

ஞானம்மாவிடம் சொல்லிவிடு. அவளும் பரிசோதித்துக்கொள்ளட்டும். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்று சொல்.

உன்,
கவியா


ஸ்ரீபெரும்புதூர்
10.11.2003

அன்புள்ள கவி,

மூன்று மாதம் முடிந்தது. ஒரு வேளையும் விடவில்லை. ஊசி போட்ட இடம் கல்லாகிவிட்டது. காதில் எப்போதும் ஒரு இரைச்சல். நேற்று சளியைத் திரும்பப் பார்த்தார்கள். கிருமி இன்னும் இருக்கிறது.

நர்ஸ் அக்கா ரிப்போர்ட்டை என்னிடம் கொடுக்காமல் டாக்டர் மேசைக்கே எடுத்துக்கொண்டு போனபோதே தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் இதே மாத்திரைகளைத் தொடர வேண்டுமாம். எந்த மருந்துக்கு என் கிருமி அடங்கும் என்று பார்க்கச் சளியைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமாம். முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். அது வளர்கிற வேகத்தில்தானே எனக்குள்ளும் வளரும்?

ஞானம்மாவிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டு பலகையை மாற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "அதான் நாளுக்கு நூறு தபா குனிஞ்சிகினு கெடந்தியா? எனுக்கு அப்பவே சந்தேகம்மே" என்றாள். பரிசோதித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தேங்காய் உடைத்தாளாம்.

கவி, நான் கேட்கப்போவது உனக்குப் பிடிக்காது. உங்கள் முப்பத்தொன்றாம் எண்ணை எனக்கு அனுப்பு.

யோசித்துத்தான் கேட்கிறேன். நான் மாத்திரையைப் பாதியில் விட்டவள். என் கிருமியின் என்சைம் நீ எழுதினாயே, அந்த மாறிப்போன ரகமாகத்தான் இருக்க வேண்டும். அதில் உட்காருகிற பொருள் உன் மேசைமேல் இருக்கிறது. நான் இங்கே இருமிக்கொண்டிருக்கிறேன். இதற்கு நடுவில் என்ன இருக்கிறது, ஐந்து மணி நேர பஸ் பயணம்தானே?

என்ன ஆனாலும் என் பொறுப்பு என்று எழுதி வேண்டுமானாலும் தருகிறேன்.

மாரி


பெங்களூர்
18.11.2003

என் மாரி,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையை எழுதவே மூன்று நாள் ஆனது. கோபப்படாமல் படி.

உன்னிடம் எதையும் மறைக்கமாட்டேன். முப்பத்தொன்று இப்போது குழாயில் கிருமியையும் வளரவிடாமல் நிறுத்துகிறது. போன மாதம் பார்த்தோம். ஆனால் கண்ணாடிக் குழாய்க்கு ஈரல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது. உடம்புக்குள் போனால் அது எதுவாக மாறும், எங்கே தங்கும், நம்முடைய எந்த என்சைமில் போய் உட்காரும் என்று எங்களுக்குத் தெரியாது. சேர்மம் என்சைமில் ஒட்டுகிறதா என்று மட்டும்தான் காந்தம் சொல்லும். ஒட்டுவதெல்லாம் மருந்தானால் பசையும் மருந்துதான். அடுத்த மாதம் எலிகளுக்குக் கொடுக்கப்போகிறோம். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வேலை இருக்கிறது.

உன் கிருமி எந்த ரகம் என்பதும் நம் ஊகம்தான். சென்னை முடிவு வரட்டும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேள்.

நீ என்னிடம் இதைக் கேட்டிருக்க வேண்டாம் மாரி.

கவியா


ஸ்ரீபெரும்புதூர்
28.11.2003

கவியா,

செவ்வாய்க்கிழமை லைனில் நிற்கும்போது கைக்குட்டையில் ரத்தம் வந்தது. துளி இல்லை, வாய் நிறைய. பாத்ரூமில் போய்த் துப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்ப வயர் கட்டினேன். சூப்பர்வைசர், "இன்னாம்மா, லைன் நின்னு போச்சு பாரு" என்றார். ஞானம்மா, "வயித்து வலி சார், லேடீஸ் மேட்டரு" என்று சொல்லி அவரை அனுப்பினாள்.

நீ சொன்னதெல்லாம் சரி. எல்லாம் எனக்கும் தெரியும். நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள்தான். ஆனால் நீ சொல்கிற வருஷக்கணக்கு என்னிடம் இல்லை. எலிக்குக் கொடுக்கலாம், எனக்குக் கொடுக்கக் கூடாதா?

ஒன்றைக் கேட்கிறேன். நீ பயப்படுவது எனக்காகவா, உன் பட்டத்துக்காகவா? உன் கூடப்பிறந்தவளாக இருந்தால் இப்படித்தான் எழுதுவாயா?

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இருபத்துநான்கு வயதுதான் ஆகிறது. யாரும் இல்லாத நேரத்தில் ரத்தமாக வந்து மூச்சு அடைத்துவிடுமோ என்று படுப்பதற்கே பயமாக இருக்கிறது. உட்கார்ந்தே தூங்குகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அனுப்புவதாக இருந்தால் அனுப்பு.

மாரிசெல்வி


பெங்களூர்
22.12.2003

மாரி,

இந்தப் பார்சலில் உள்ள ஸ்வெட்டருக்குள் பன்னிரண்டு பொட்டலம் இருக்கிறது. தினம் ஒன்று. மாத்திரைகளை நிறுத்தாதே. உடம்புக்கு ஏதாவது தோன்றினால் உடனே நிறுத்திவிடு.

கவி


ஸ்ரீபெரும்புதூர், டீக்கடை பெஞ்சிலிருந்து
31.1.2004

மாரி, மாரி,

இதைப் படிக்கிற நிமிஷமே அந்தப் பொட்டலங்களைத் தூக்கிப்போடு. ஒன்றுகூடச் சாப்பிடாதே. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போ. ஈரலைப் பரிசோதிக்கச் சொல்.

வியாழக்கிழமை எலிகளின் முடிவு வந்தது. எட்டில் ஐந்து செத்துவிட்டன. மற்ற மூன்றின் ஈரலும் கருத்துப்போயிருந்தது. எலிகளுக்கென்று செய்து வைத்திருந்த புட்டியிலிருந்துதான் உனக்கு எடுத்தேன். யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். எடை எந்திரத்தில் நிறுத்தபோது இரண்டு முறை கொட்டிவிட்டது. அளவுகூட நானாக ஊகித்ததுதான்.

ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். "அந்தப் பொண்ணு காலி பண்ணிட்டு பூட்ச்சி" என்று வைத்துவிட்டார்கள். நேரில் வந்தேன். கிளியம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "மாத்திரை டப்பாவ ரூம்ல இருக்கற பொண்ணு பாத்துட்சி. இங்க முப்பது பொண்ணுங்க கீதுங்க. ஒண்ணுக்கு ஒட்டிகினாலும் அவுங்க அப்பா அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லு" என்று என்னையே கேட்டார். நீ எங்கே போனாய் என்று அவருக்குத் தெரியவில்லை.

உன் கம்பெனி கேட்டில் காலையிலிருந்து நிற்கிறேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி முகம் முகமாகப் பார்த்தேன். எல்லாரும் ஒரே நீலச் சட்டை. இரண்டு முறை உன்னைப் பார்த்துவிட்டதாக நினைத்து வேறு யாருடைய தோளையோ தொட்டுவிட்டேன். ஞானம்மா நான்கு நாளாக லீவில் இருக்கிறாளாம். வாலாஜாபாத் பக்கம் என்பதற்கு மேல் அவள் ஊர்ப் பெயர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் பலகையில் நிற்கிற பெண்ணிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஞானம்மா வந்ததும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீ கேட்டதற்காகக் கொடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. திட்டி எழுது. எதையாவது எழுது.

கவி


அரசு ஆஸ்பத்திரி, காஞ்சிபுரம், பெண்கள் வார்டு
11.2.2004

அன்புள்ள கவி,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் நேற்றுத்தான் ஞானம்மா கையில் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே பன்னிரண்டையும் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

பொட்டலம் வந்ததும் உடனே சாப்பிடவில்லை. பொங்கல் வரைக்கும் பெட்டியிலேயே வைத்திருந்தேன். எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் இரண்டு வரி எழுதியிருக்கிறாளே என்று உறுத்தியது. திரும்ப ரத்தம் வந்த அன்று எடுத்து நாக்கில் போட்டேன். வேப்பம்பட்டைக் கசப்பு. நாலைந்து நாளில் இருமல் குறைந்தாற்போல இருந்தது. அது நிஜமா, என் ஆசையா, தெரியாது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொடி தொடங்கிய பத்தாம் நாள் ஹாஸ்டலை விட்டு அனுப்பினார்கள். ஞானம்மா தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பிள்ளைகளைத் தன் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு எனக்கு ஜன்னலோரம் பாய் போட்டாள். ஒரு காலையில் என்னைப் பார்த்து, "இன்னாமே, கண்ணெல்லாம் மஞ்சக்கெழங்காட்டம் கீது?" என்றாள். கீழாநெல்லி அரைத்து இரண்டு நாள் கொடுத்தாள். மூன்றாம் நாள் எனக்கு நினைவு சரியாக இல்லை. ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டு வந்திருக்கிறாள். நான்கு நாள் எதுவும் தெரியாமல் கிடந்தேனாம்.

இங்கே டாக்டர் அமலா என்று ஒருவர். சின்ன வயதுதான், அதட்டிப் பேசமாட்டார். டி.பி. மாத்திரைகள்தான் ஈரலைக் கெடுத்துவிட்டன என்று எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். "வேற எதுவும் சாப்பிட்டியாம்மா? நாட்டு மருந்து, பொடி, எதுவா இருந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன்" என்று கேட்டார். இல்லை என்றேன். ஞானம்மா குறுக்கே வந்து, "நான்தாம்மா கீழாநெல்லி குடுத்தேன், என்னாலதான் இப்டி ஆச்சா?" என்று அழுதுவிட்டாள். டாக்டர், அதனால் இருக்காது என்றார். ஞானம்மா நம்பவில்லை. வார்டு வாசலில் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சென்னை முடிவும் வந்துவிட்டது. என்சைமை அடைக்கும் என்று நீ சொன்ன மாத்திரையும் அந்த ஊசியும் என் கிருமியை ஒன்றும் செய்யாதாம். நான் சாப்பிடுகிறவற்றில் சிவப்பாக இருக்கிற மாத்திரை மட்டும் நன்றாகக் கேட்குமாம். ஆனால் ஈரல் விஷயத்தில் அதன்மேலும் சந்தேகம் இருப்பதால் இனி அதைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். அது இல்லாமல் மற்றவற்றை வைத்துச் சமாளித்துப் பார்க்கலாம் என்று பெரிய டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். சமாளித்து என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லிவிடாதே கவி. உன் படிப்பு போய்விடும். அழுது கேட்டு வாங்கியவள் நான். நடப்பது என்னோடு போகட்டும்.

உன்,
மாரி


பெங்களூர்
16.2.2004

என் மாரி,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. இப்போது மணி மூன்று. அதற்குள் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன்.

உன் சிவப்பு மாத்திரைமேல் குற்றமில்லை என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஐந்து மாதமாக அதைச் சாப்பிட்டு உன் கண் மஞ்சளாகவில்லை. பன்னிரண்டு நாள் என் பொடியைச் சாப்பிட்டதும் ஆனது. அது தெரியாமல் உனக்குக் கேட்கிற ஒரே நல்ல மருந்தை அவர் உன்னிடமிருந்து எடுத்துவிடுவார். என்னைக் காப்பாற்ற நீ பேசாமல் இருக்கிறாய். அப்படிப் பேசாமல் இருப்பதுதான் உன்னைக் கொல்லப்போகிறது.

பேராசிரியர் அறைக்குப் போய் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எந்தத் தேதியில் எடுத்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு பொட்டலம் எவ்வளவு?" சொன்னேன். "அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா?" இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். "முதலில் அந்த டாக்டரிடம் பேசு. உன்னை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்ப்போம்" என்று போனை என் பக்கம் தள்ளினார்.

ஆஸ்பத்திரி எண்ணைத் தேடிப் பிடித்து, டாக்டர் அமலா வரும்வரை காத்திருந்து சொன்னேன். "உங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியலம்மா" என்றார். அதற்குப் பிறகு கேள்வி கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சேர்மத்தின் அமைப்பு, அளவு, எலிகளின் ஈரல் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பேராசிரியரே பேக்ஸில் அனுப்பினார்.

என் மேல் விசாரணைக் குழு வைக்கிறார்கள். ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஞானம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு, அவள் கொடுத்த கீழாநெல்லியால் இல்லை என்று. நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறேன். நீ என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் டாக்டரையும் ஞானம்மாவையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கவி


வாலாஜாபாத்
22.7.2004

அன்புள்ள கவி,

நீ வந்து போய் ஐந்து மாதமாகிறது. உன் ஐந்து கடிதங்களும் வந்தன. பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நீ கொடுத்தாய் என்று ஒரு நாள் கோபப்படுவேன். கேட்டவள் யார் என்று மறுநாள் என்மேலேயே கோபம் திரும்பும். நீ படுக்கைக்குத் தள்ளி நின்று அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. போய்விடு என்றுதான் தோன்றியது. நீயும் அதைப் பார்த்திருப்பாய். அதனால்தான் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டாய்.

ஞானம்மாவிடம் நீயே சொன்னாயே, அன்றிலிருந்து அவள் உன்னை என்னிடம் பேரைச் சொல்லிக் கேட்பதில்லை. "அந்தப் பொடிக்காரி எழுதுனாளா?" என்றுதான் கேட்பாள். போன வாரம் உன் கடிதத்தை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பொடிக்காரியாண்ட பேசு மாரி. அவளும் ஒண்டியா கெடந்து சாவுறா போல கீது" என்றாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஈரல் சரியாகிவிட்டது. மார்ச்சில் டாக்டர் அமலா மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார். முதலில் சிவப்பு. ஐந்து நாள் என் கண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்து இழுத்துப் பார்த்தார். மஞ்சள் வரவில்லை. பிறகு மற்றவை. ஒரு வருஷமாவது விடாமல் சாப்பிட வேண்டும். மே மாதச் சளியில் கிருமி இல்லை. ஜூனிலும் இல்லை. ஏழு கிலோ ஏறியிருக்கிறேன்.

கம்பெனி வேலை போய்விட்டது. ஞானம்மா ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது பேர் வருகிறார்கள். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன். இன்னும் அந்தப் பயம் போகவில்லை. யாராவது ஒரு பிள்ளை இருமினால் எத்தனை நாளாக என்று உடனே கேட்டுவிடுகிறேன்.

ஒரு வருஷம் உன்னை ஆய்விலிருந்து விலக்கிவைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதன் பிறகு எடுத்துக்கொள்வார்களா என்பதும் தெரியாது என்றாய். நான் அதற்கு வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தாயா? வருத்தம்தான். ஆனால் அது நியாயம் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் உன்னிடம் மட்டும்தான் சேர்த்துச் சொல்ல முடியும்.

உன் பேராசிரியர் டாக்டர் அமலாவுக்கு எழுதியிருக்கிறார். சென்னையில் வளர்த்து வைத்திருக்கிற என் கிருமியிலிருந்து அந்த என்சைமை எடுத்து, அதை உங்கள் காந்தத்தில் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். முப்பத்தொன்றைக் கைவிட்டுவிட்டார்களாம். அதன் எந்தப் பக்கம் ஈரலைக் கெடுத்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கம் இல்லாத வேறொன்றைத் தேடுகிறார்களாம். டாக்டர் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, "உனக்கு விருப்பமில்லன்னா வேண்டாம்" என்றார். நானே வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை கவி. உன் கையெழுத்தைப் பார்த்தால் இன்னும் ஒரு நொடி பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று நர்ஸ் சொன்ன அன்று யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது தெரியுமா? அதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கு ஞானம்மா வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள். வா. காஞ்சிபுரத்தில் இறங்கி வாலாஜாபாத் பஸ் பிடி. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். போன தடவை மாதிரி வாயில் துணி கட்டிக்கொண்டு நான்கடி தள்ளி நிற்க வேண்டாம். என்னிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே உட்காரலாம்.

உன்,
மாரிசெல்வி